காத்திருக்கவும், முன்னால் பனங்கிழங்கு

செலினின் கணவன் சவரிராஜைக் கொன்றது ஒரு பனங்கிழங்கு. எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள் என்பதால் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கே முதலில் சொன்னவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் குபேந்திரன். அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"ஆஸ்பத்திரி கேட்டுல திரை இருக்குல்ல தங்கச்சி, அதுல காத்திருக்கவும்னு வந்துச்சு. இப்ப போயிரும்னு நின்னேன். போவல. அடியில பொடி எழுத்துல, முன்னால் பனங்கிழங்குன்னு போட்டிருந்துச்சு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பனங்கிழங்குதான்."

"உள்ள கட்டில் இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு. கண்ணாடி வழியாப் பாத்தேன். விரிப்பெல்லாம் மாத்திக் காலியாக் கெடந்துச்சு. கேட்டை ஒதைச்சேன், கல்லெடுத்து அடிச்சேன். உள்ள நின்ன நர்ஸ் பொண்ணு அழுவுது, அதாலயும் தொறக்க முடியல. சவரி கடைசி வரைக்கும் அந்தத் திரையத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

இது இன்னும் வராத ஒரு காலத்தில் நடந்தது. வெயில் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். மற்றபடி திருச்சி திருச்சியாகத்தான் இருந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே சர்வர். அதில் ஆளுக்கு ஒரு பதிவு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு பதிவு, பஸ்ஸுக்கு, மருந்துக் கடைக்கு, வீட்டுக் கதவுக்கு என்று எல்லாவற்றுக்கும் பதிவு. ஒற்றைப்பதிவு என்று பெயர். அதற்கு முன்பு ஒரே கட்டிலை மூன்று நோயாளிகளுக்கு விற்றுக் கொழுத்த தரகர்கள் இருந்தார்கள். அவர்களை ஒழிக்க வந்தது இது, ஒழித்தும் விட்டது. அதற்காக ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள், செலினும் சவரியும்கூடத்தான்.

விதி எளிமையானது. ஒரு பதிவை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம். தொடுகிறவர் பூட்டிக்கொள்வார், வேலை முடிந்ததும் திறந்துவிடுவார், அடுத்தவர் உள்ளே போவார். பெரும்பாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முடியாதபோது கதவுத் திரையில் 'காத்திருக்கவும்' என்று வரும். முன்னால் இருப்பது யார் என்றும் வரும். ஆஸ்பத்திரியில் நோயாளி பெயரில் ஒரு கட்டில் பதிவானால்தான் கேட் திறக்கும்.

வருஷக்கணக்கில் இழுத்து ஒரு விசாரணை நடத்தினார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு முழுக்க மாநிலத்துல சராசரி வெயிட்டிங் என்னன்னு பாருங்கம்மா. கண் சிமிட்டற நேரம்கூட இல்ல. சிஸ்டம் ஒழுங்காத்தான் ஓடியிருக்கு."

"சராசரி சாகல சார். என் வீட்டுக்காரர்தான் செத்தாரு."

அதிகாரி தண்ணீர் குடித்தார். பனங்கிழங்கு என்றால் என்ன என்று அவள் கேட்டதற்கு, ஏதோ எழுத்துப் பிழையாக இருக்கும் என்றார். அத்தோடு கைகழுவி விட்டார்கள். கோடிப் பேர் நிற்காமல் உள்ளே போகும்போது ஒருவன் வாசலில் கிடந்து செத்தது சராசரியில் தெரியவே தெரியாது. சராசரி அப்படிப்பட்ட அயோக்கியன், எந்தக் குற்றத்துக்கும் அவனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

ஆனால் செலின் ஒன்றும் தெரியாதவள் அல்ல. ஒரு கூட்டுறவு வங்கியின் சர்வரில் எது எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று அளப்பதுதான் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலை. பூட்டின் குணம் அவளுக்குத் தெரியும். பூட்டியிருக்கிற வரைக்கும்தான் அது கண்ணில் படும். திறந்துவிட்டால் அப்படி ஒன்று இருந்த சுவடே இருக்காது. அன்றைக்குப் பூட்டியவனை இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. அவன் மறுபடி பூட்டும்போது பக்கத்தில் இருந்தால் பிடிக்கலாம். அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள். வங்கி வேலையை விட்டாள். துவாக்குடிக்கு அப்பால் இருந்த ஒற்றைப்பதிவு மையத்துக்கு, தன் அப்பாவின் பெயரைப் பின்னால் போட்டு விண்ணப்பம் அனுப்பினாள்.

நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தவர் தலைமைப் பொறியாளர் நீலமேகம். ஓய்வுக்கு நெருங்கிய வயது, மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு. அவள் விண்ணப்பத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப சேர முடியும்மா?"

மையத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று கேன்டீன் பந்தி. மதியம் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை போடுவார்கள். கடைசி இலைக்கும் ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பரிமாறுவார்கள். ஒருவர் தாமதித்தால் எல்லோரும் காலி இலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால் இலை போட்டாச்சு என்று குரல் வந்தால் எப்பேர்ப்பட்ட வேலையையும் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஓடாதவனை ஒரு வாரம் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

இன்னொன்று பட்டப்பெயர். பொறியாளர்கள் சில சமயம் பதிவுகளைக் கையாலேயே பூட்டித் திருத்த வேண்டியிருக்கும். அப்போது சொந்தப் பெயரைக் கொடுக்காமல் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் தவில், ஒருவன் சுண்டல், ஒருத்தி ஊசிவெடி. யார் எது என்று கேட்பது அங்கே நாகரிகக் குறைவு. செலின் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது தெரிந்துபோயிற்று. எழுத்துப் பிழையாம். பனங்கிழங்கு ஓர் ஆளின் பெயர்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நீலமேகம்தான் வகுப்பு எடுத்தார்.

"நான் இளவட்டத்துல மெட்ராஸ் மேன்ஷன்ல இருந்தேன். மாடிக்கு ஒரே பாத்ரூம். ஒருத்தன் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டா மத்தவன் சோப்பு டப்பாவோட வெளிய நிக்கணும். லாக்ங்கறது அவ்வளவுதான். தாழ்ப்பாள் தப்பில்ல. இல்லேன்னா மானம் போயிரும்."

"உள்ள போனவன் தூங்கிட்டான்னா சார்?" என்று பின் வரிசையிலிருந்து யாரோ கேட்க, அறையே சிரித்தது. நீலமேகம் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார், வகுப்பை அதோடு முடித்துக்கொண்டு போய்விட்டார். பெரிய மனுஷன், கேலி பிடிக்காது போல என்று செலின் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, 'காத்திருக்கவும்' ஏன் அடிக்கடி வருகிறது என்று அளப்பது. பர்வீன் என்ற இளம் பொறியாளரைத் துணைக்குக் கொடுத்தார்கள். வாயாடி, ஆனால் கை சுத்தமான வேலைக்காரி.

"சராசரிதான் ஏற்கெனவே அளக்கறாங்களேக்கா, நாம புதுசா என்னத்தை அளக்கறது?"

"எவ்வளவு நேரம்னு அளக்க வேணாம் பர்வீன். யாருன்னு அளப்போம். இவன் யாருக்காக நிக்கறான், அவன் யாருக்காக நிக்கறான்னு ஒவ்வொருத்தனாக் கேட்டுக்கிட்டே போனா, கடைசியில ஒருத்தன் யாருக்காகவும் நிக்காம சும்மா உக்காந்திருப்பான். அவனத்தான் சிவப்புல காட்டணும்."

அந்தக் கருவிக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தாள். அதோடு இன்னொன்றும் எழுதினாள். கையால் போட்ட பூட்டை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் எவனாவது சும்மா இருந்தால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே வெட்டிவிடும். பர்வீன் அதைக் கத்தரி என்றாள். கத்தரியை இப்போது ஓட விட வேண்டாம், முதலில் பார்ப்போம் என்றாள் செலின். வெட்டிவிட்டால் ஆள் தப்பித்துவிடுவானே.

மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். தவில் வந்தது, சுண்டல் வந்தது, ஊசிவெடி வந்தது. பனங்கிழங்கு வரவேயில்லை. வேலையை விட்டுப் போய்விட்டானோ, செத்தே போய்விட்டானோ என்று பயந்தாள். அவன் நல்லபடியாக உயிரோடு இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதலை அந்தோனியார் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

ஒரு மதியம், இலை போட்டாச்சு என்று குரல் வந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. பனங்கிழங்கு. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் கட்டில் பதிவுகளைப் பூட்டிக்கொண்டு சும்மா இருந்தது. பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. அந்த வார்டு இன்னும் திறக்காத வார்டு. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. எந்த இருக்கையிலிருந்து என்று பார்த்தாள். நீலமேகம்.

கேன்டீன் வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள். அவர் பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்படித்தான் அன்றைக்கும் சாப்பிட்டிருப்பான் என்று நினைத்தாள். போய் இலையை இழுத்து மூஞ்சியில் எறியலாம். எறிந்தால் என்ன ஆகும்? இன்னொரு விசாரணை, இன்னொரு சராசரி. அவள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நீலமேகத்தின் ஆள் பதிவைக் கையால் பூட்டினாள். அதில் அவருடைய தெருப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாள், முடிக்காமல் அப்படியே விட்டாள். பட்டப்பெயர் கேட்ட இடத்தில் சவரி என்று அடித்தாள். அளக்கிற ஆளின் பூட்டுகளை ஆள்காட்டி கணக்கில் எடுக்காது. அளவுகோலை யார் அளப்பார்கள்? பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் உப்பு உறைப்பு தெரிந்தது.

அன்று மாலையே ஆரம்பித்தது. பஸ் படியில் கால் வைத்தார், திரையில் 'காத்திருக்கவும், முன்னால் சவரி.' நடந்து போனார். வீட்டுக் கதவில் 'முன்னால் சவரி.' மருந்துக் கடையில், டீக்கடையில், எங்கே போனாலும் அந்த ஒரே பெயர். மறுநாள் மையத்தின் கேட்டும் திறக்கவில்லை. கேட்டுக்கு வெளியே இருந்த புங்க மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். வேலை விஷயமாகப் பேச வேண்டியவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். செலின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது.

அவர் ஓடி வந்து கெஞ்ச வேண்டும், யார் இந்தச் சவரி என்று கத்த வேண்டும். அதற்குத்தான் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. எதிர் வீட்டுத் திண்ணையில்தான் படுக்கை என்று கேள்விப்பட்டாள். தலைமைப் பொறியாளர், நினைத்தால் ஒரு நொடியில் அந்தப் பூட்டை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை.

"நீலமேகம் சார் பதிவு மாட்டிக்கிச்சுக்கா, நம்ம ஆள்காட்டியில ஏன் தெரிய மாட்டேங்குது?" என்று பர்வீன் கேட்டாள். "நான் உடைக்கவான்னா, வேணாம் நானே பாத்துக்கறேங்கறார். பிரஷர் மாத்திரை தீந்துபோச்சாம். என் பேர்ல வாங்கித் தர்றேன்னேன், அதுவும் வேணாமாம். டீ மட்டும் வாங்கிக்கறார்."

"வேற என்ன சொன்னார்?"

"அதான்க்கா புரியல. ஆளு முகமே தெளிஞ்சுபோச்சு. வருஷக்கணக்கா வராத தூக்கம் இப்பத்தான் வருதுங்கறார். சிரிக்கறார்க்கா."

செலின் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். சிரிக்கிறானா?

மரத்தடியில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உதடு காய்ந்திருந்தது, கால் வீங்கியிருந்தது. ஆனால் பர்வீன் சொன்னது உண்மை, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு குறைந்திருந்தது.

"வாங்கம்மா. எப்ப வருவீங்கன்னு இருந்தேன்."

"நான்தான்னு தெரியுமா?"

"விண்ணப்பம் வந்த அன்னைக்கே தெரியும். அன்னைக்கு கேட்டுல செத்தது யாரு, வீட்டுல யார் யாருன்னு நான் ஏற்கெனவே தேடி வெச்சிருந்தேன். நீங்க எதுக்கு வர்றீங்கன்னு புரிஞ்சுது. வரட்டும்னுதான் எடுத்தேன்."

அவரே சொன்னார்.

"கட்டில் எல்லாத்துக்கும் புது நம்பர் போட்டுக்கிட்டிருந்தேன். முடிக்கறதுக்கு ஒரு வரிதான் பாக்கி. இலை போட்டாச்சு சார், உங்க ஒரு இலைதான் காலின்னு கூப்பிட்டாங்க. பந்தியக் காக்க வைக்கக் கூடாதேன்னு அப்படியே எழுந்து போயிட்டேன். அன்னைக்குப் பாயசம் வேற. திரும்பி வந்து பாத்தா வரிசை நிக்குது. முடிச்சு விட்டேன், எல்லாரும் உள்ள போனாங்க. ஒருத்தர் மட்டும் போகல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மேல போய்ச் சொன்னேன். சராசரி நல்லாருக்கு நீலமேகம், நீங்களா ஏன் கெளப்பறீங்கன்னாங்க. போலீஸ்ல சொன்னேன். சர்வர் மேல கேஸ் போட முடியாதுன்னாங்க. என்னைத் தண்டிக்க இந்த ஊர்ல ஆளே இல்லம்மா. நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. நீங்களும் மாசக்கணக்கா அந்தத் திரையவே பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் தூக்கிப் போட்ட பேரை மறுபடி எப்படிப் பிடிப்பீங்க? அதான் யாருக்கும் தொந்தரவில்லாத வார்டாப் பாத்து, அந்தப் பேரை நானே திரும்பப் போட்டேன்."

அவள் பிடிக்கவில்லை, அவர் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்த்த வஞ்சம், கடைசியில் இந்த மனுஷனுக்குத் தூக்க மாத்திரையாகப் போயிருக்கிறது.

"லாக்கை எடுத்துடாதீங்கம்மா," என்றார் நீலமேகம். கையைக் கூப்பவில்லை, ஆனால் குரல் கூப்பிக்கொண்டுதான் இருந்தது. "ஒவ்வொரு கதவுலயும் அவர் பேரைப் பாக்கறேன். நின்னுட்டுத் திரும்பறேன். இத்தனை வருஷத்துல இதுதான் எனக்கு ஆறுதல். இப்படியே போயிட்டாலும் சரி."

"என் ஆத்திரத்தையும் நீங்களே வேலை வாங்கிட்டீங்க, இல்ல சார்?"

செலின் அவரைப் பார்த்தாள். செத்தால் நிம்மதியாகச் செத்துப்போவார். சவரிக்கு அந்த நிம்மதி கிடைத்ததா? அவள் திரும்பி நடந்தாள்.

தன் இருக்கையில் உட்கார்ந்ததும் அவள் முதலில் பார்த்தது ஆள்காட்டியை அல்ல, கத்தரியை. எழுதி முடித்து எத்தனையோ நாளாகிறது. ஓட விட்டிருந்தால் அந்த நிமிஷத்திலிருந்து எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் எவனுடைய மறதிக்காகவும் ஒரு ஆம்புலன்ஸ் நின்றிருக்காது. முதலில் பனங்கிழங்கைப் பிடிப்பதற்காகத் தள்ளிப்போட்டாள். பிறகு, ஆள்காட்டியைப் போல அது ஆள் பார்க்காது, ஓடினால் தன் பூட்டையும் வெட்டும் என்பதால் தள்ளிப்போட்டாள். இடையில் யாராவது எங்காவது நின்றார்களா என்று அவள் பார்க்கவில்லை. இது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது, உறைத்தபோது அவமானமாக இருந்தது.

கத்தரியை ஓட விட்டாள். அது கொஞ்ச நேரம் மாநிலம் முழுவதும் தேடியது. பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

'வெட்டப்பட்டது: சவரி. சும்மா வைத்திருந்த பூட்டு.'

அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே புது வரிகள் வர வர அது கீழே இறங்கி மறைந்தது. அழுகை வந்தது, அழுதாள். பக்கத்து இருக்கையிலிருந்து பர்வீன் எழுந்து வந்து தோளில் கை வைத்தாள்.

கேன்டீனிலிருந்து குரல் வந்தது. செலின் முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனாள். இலை வரிசையைப் பார்த்தாள். பரிமாறுகிறவர் வாளியோடு கிளம்பியபோது தடுத்தாள்.

"ஒரு ஆள் வரணும்ணே. கொஞ்சம் நில்லுங்க."

கேட்டுக்குப் போனாள். திரை பச்சையாக இருந்தது. 'வருக, நீலமேகம்.' கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. அவர் உள்ளே வராமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெளிந்திருந்த முகம் மறுபடியும் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

"ஏம்மா திறந்தீங்க?"

"உங்களை யாரும் பூட்ட மாட்டாங்க சார். இனிமே எந்தக் கதவும் உங்களுக்கு நிக்காது. பஸ் ஏறுங்க, வீட்டுக்குப் போங்க, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நூறு வயசு இருங்க. எங்கயும் அவர் பேர் இருக்காது."

"என்னால முடியாதும்மா."

"முடியும். நான் இருக்கேன்ல, அதே மாதிரிதான்." அவள் குரல் உயரவில்லை. "வாங்க சார். இலை போட்டாச்சு. உங்க ஒரு இலைதான் காலி. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீங்கிய காலோடு மெதுவாக உள்ளே நடந்தார். பந்தியில் இருந்தவர்கள் கை தட்டிக் கேலி செய்தார்கள். காலியாக இருந்த இலை செலினுடைய இலைக்கு நேர் எதிரே இருந்தது. உட்கார்ந்தார்.

"நாளைக்கும் இதே இடந்தான் சார்," என்றாள் செலின். "ஓய்வு வரைக்கும் தினமும் எனக்கு எதிர்லதான் உங்களுக்கு இலை. சொல்லிட்டேன்."

பரிமாறுகிறவர் வந்து இரண்டு இலையிலும் சோறு வைத்தார். அவள் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவர் இலையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பந்திக்கு ஆட்கள் வெளியே நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சாப்பிடுங்க சார்," என்றாள் அவள். "பின்னால ஆள் நிக்குது."